கஞ்சி போட்ட துணி

போன மாசம் கீழராஜ வீதியில ஒரு ஜவுளிக்கடையில சண்டை போட்டுட்டு வந்தேன். துண்டு வாங்கத்தான் போனேன். கடையில நின்ன பொண்ணு நாலு துண்டை விரிச்சுப் போட்டுச்சு. எல்லாம் நல்ல வெள்ளை, நல்ல பளபளப்பு. நான் பையில இருந்த தண்ணி பாட்டிலைத் திறந்து, மூடியில கொஞ்சம் எடுத்து ஒரு துண்டு மேல விட்டேன். தண்ணி உள்ள எறங்காம அப்படியே உருண்டு நின்னுச்சு. "பாத்தியாம்மா, குடிக்க மாட்டேங்குது"ன்னேன். அந்தப் பொண்ணு பதறிப்போயி முதலாளியைக் கூப்பிட்டுருச்சு.

"பெரியவரே, விக்கிற சரக்குல தண்ணியை ஊத்துனா எப்படிங்க?"ன்னு அவரு வந்தாரு. "துண்டுன்னா தண்ணி குடிக்கணும்யா. குடிக்காததுக்குப் பேரு துண்டா?"ன்னு நான் கேட்டேன். கடையே திரும்பிப் பாத்துச்சு. எனக்குத் தொண்டை அப்படி. "புதுத் துணி அப்படித்தாங்க இருக்கும். நாலு தண்ணி அலசுனா சரியாயிரும்"னாரு அவரு. நியாயமான பதில்தான். நனைஞ்ச துண்டையே வாங்கிக்கிட்டு வந்துட்டேன்.

நாலு தண்ணி அலசுனா சரியாயிரும். இந்த ஒரு பேச்சை நாலு வருசத்துக்கு முன்னாடி யாராவது எனக்குச் சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். சொல்லாம இல்ல. என் வீட்டுக்காரி அவ வழியில சொன்னா. நான்தான் வாங்கிக்கல.

நான் முப்பது வருசம் தனியார் பஸ்ஸுல கண்டக்டர். புதுக்கோட்டையில எடுத்தா அறந்தாங்கி, அங்க இருந்து கட்டுமாவடி. திரும்ப வரும்போது பின்னாடி படிக்கிட்ட மீன் கூடைங்க ஏறும். ஐஸ் தண்ணியும் மீன் தண்ணியுமா ஒழுகி, பள்ளிக்கூடப் பிள்ளைங்க செருப்பெல்லாம் நாறும். "சாக்கு இல்லாமக் கூடையை ஏத்தாத ஆத்தான்னு எத்தனை தடவை சொல்றது? காது என்ன கடலுக்குள்ள விழுந்துருச்சா?"ன்னு நான் கத்துவேன். அந்தப் பொம்பளைங்க லேசுப்பட்டவங்க இல்ல. "நாங்களும் டிக்கெட்டு எடுத்துத்தான் வாரோம், ஓசியில வரல"ம்பாங்க. கடைசியில நானே பின் சீட்டுக்கு அடியில நாலு பழைய சாக்கு வச்சிருந்தேன். நல்லா அடிபட்ட சாக்கு அரை வாளித் தண்ணியைக் குடிச்சுட்டு ஒண்ணும் நடக்காத மாதிரிக் கெடக்கும். புதுச் சாக்கைப் போட்டா தண்ணி அதைச் சுத்திக்கிட்டு ஓடிரும். முப்பது வருசம் இதைக் கண்ணால பாத்தவன் நான்.

இன்னொன்னும் தெரியும். என் காக்கிச் சட்டை. என் வீட்டுக்காரிக்குத் துணின்னா அது மொடமொடன்னு நிக்கணும். கந்தையானாலும் கசக்கிக் கட்டணும்னு ஊரு சொல்லும். அவளுக்குக் கசக்குனா மட்டும் பத்தாது, கஞ்சியும் போடணும். சோறு வடிச்ச கஞ்சியை எடுத்து, தண்ணி விட்டு நீர்க்கக் கரைச்சு, துணியால வடிகட்டி, அதுல முக்கிப் பிழிஞ்சு ஒதறிப் போடுவா. ஒதறுற சத்தம் தெருமுனைக்குக் கேக்கும். நான் சட்டையை மாட்டிக்கிட்டு எறங்குனா திருக்கோகர்ணம் ஸ்டாப்புல நிக்கிறவங்க, "கலெக்டரு வாராரு, வழிவிடுங்க"ன்னு கேலி பண்ணுவாங்க.

ஆனா கஞ்சி போட்ட சட்டை வேர்வையைக் குடிக்காது. பத்து மணிக்கு மேல அந்தக் கூட்டத்துக்குள்ள நெருக்கிப் புகுந்து டிக்கெட் போட்டா, வேர்வை சட்டையில ஊறாம முதுகுல ஓடையா எறங்கும். கழுத்துல காலரு அறுக்கும். அதுக்காக அவ ஒரு வழி வச்சிருந்தா. நான் கெளம்புறப்ப, பழைய சேலையில கிழிச்ச ஒரு துண்டை நாலா மடிச்சு என் காலருக்குள்ள சொருகி விடுவா. கஞ்சி படாத துணி. "இது குடிச்சுக்கிரும்"பா. அவ்வளவுதான் பேச்சு. தெனமும் இது நடந்துச்சு. அவ கைவிரலு பின்னங்கழுத்துல படுறது எனக்கு ஒரு விசயமாவே தோணினது இல்ல.

அவ பேச்சு கம்மி. எனக்கு வாய் ஜாஸ்தி. பஸ்ஸுல கத்துனது பத்தாதுன்னு வீட்டுக்கு வந்தும் கத்துவேன். டிரைவரு மேல கோவம், செக்கரு மேல கோவம், மழை பேஞ்சா மழை மேல கோவம். அவ கீழ உக்காந்து துணி மடிச்சுக்கிட்டே "ம்" கொட்டுவா. சொல்லி முடிச்சா எனக்கு மனசு லேசாயிரும், தூக்கம் வந்துரும். அவளுக்கு எப்படி இருந்துச்சோ, தெரியாது.

மகன் ஒருத்தன்தான். துபாய்க்குப் போயி பன்னெண்டு வருசமாச்சு. நான் முட்டிவலியில வேலையை விட்டு நின்ன ரெண்டாம் வருசம், ஒரு காலையில அவ கொடியில துணி போட்டுக்கிட்டு இருந்தா. ஒதறுற சத்தம் பாதியில நின்னுச்சு. போயிப் பாத்தா கீழ கெடக்குறா, கையில ஈரத் துணியோட. வலது பக்கம் கையும் காலும் விழுந்துருச்சு. பேச்சும் போயிருச்சு. ஆஸ்பத்திரியில இருபது நாள் வச்சிருந்து, "இனிமே வீட்டுல வச்சுப் பாருங்க"ன்னு அனுப்பிட்டாங்க.

மொதல்ல எல்லாரும் வந்தாங்க. ஹார்லிக்ஸ் பாட்டிலா அடுக்கி வச்சாங்க. ஒரு மாசத்துல வரவு பாதியாச்சு, மூணு மாசத்துல யாரும் இல்ல. இலுப்பூர்ல இருக்கிற என் கொழுந்தியா மட்டும் மாசத்துக்கு ஒரு தடவை பஸ் ஏறி வந்து அக்கா தலையில எண்ணெய் வச்சு வாரிவிட்டுட்டுப் போகும். அக்கம்பக்கத்துல கதவைத் திறந்து வச்சிருந்தவங்க சாத்திக்கிட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. வீட்டுல வாடை இருந்துச்சு. காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அந்த ரூம்புல ஒரே ஒரு கொரலு, அது என்னோடது. பேசாத ஆளுக்கிட்ட பேசிக்கிட்டே இருக்கிறது எவ்வளவு தனிமைன்னு பட்டாத்தான் தெரியும். சில நாளு தெருவுல போற டவுன் பஸ்ஸோட ஆரன் சத்தத்துக்குப் பதில் சொல்லியிருக்கேன்.

மகன் அங்க இருந்தே ஆர்டர் போட்டு டயப்பரு பெட்டி பெட்டியா அனுப்புனான். நல்ல சாமான்தான், குத்தம் இல்ல. ஆனா சித்திரை வெயில்ல அதைக் கட்டிப்போட்டா தொடை இடுக்குல எல்லாம் செவந்து வெந்துருச்சு. "பகல்ல காத்துப் படட்டும், அடியில துணி போட்டு மாத்திவிடுங்க"ன்னு டாக்டரு சொன்னாரு. சரின்னு அவளோட நூல் சேலைங்க, என் வேட்டிங்க எல்லாத்தையும் கிழிச்சேன். ரப்பர் சீட்டு மேல நாலு மடிப்பாத் துணி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் தொட்டுப் பாத்து மாத்தணும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு துணி ஆகும். எல்லாத்தையும் நான்தான் தொவைச்சேன்.

இங்கதான் என் புத்தி போன போக்கைச் சொல்லணும். அவ்வளவு துணியையும் தொவைச்சு, அவ பாக்குற மாதிரி சன்னலுக்கு வெளிய கொடி கட்டிக் காயப்போட்டேன். தொள தொளன்னு தொங்குச்சு. அவ கண்ணு அதையே பாத்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு. உடுத்துற துணி ஒண்ணுகூடக் கஞ்சி இல்லாமக் கொடியில ஏறுனது இல்ல இந்த வீட்டுல. அவளுக்கு வாய் இருந்தா என்ன சொல்லுவான்னு நானே நெனச்சுக்கிட்டேன். சரி, ஒனக்குப் புடிச்ச மாதிரியே செய்யுறேன் புள்ளன்னு முடிவு பண்ணுனேன்.

வடிச்ச கஞ்சிக்கு எங்க போறது? நான் குக்கர்ல சோறு ஆக்குற ஆளு. மைதா மாவை வாங்கிக் காய்ச்சுனேன். அளவு தெரியல. போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி வந்துச்சு. கெட்டியா இருந்தா நல்லதுதானேன்னு அதுல முக்கிக் காயப்போட்டு, இஸ்திரியும் போட்டு அடுக்குனேன். எப்படி நின்னுச்சுங்கிறீங்க! அட்டை மாதிரி. கொழுந்தியா வந்து பாத்துட்டு, "மச்சான், அக்காகூட இப்படி மொடமொடன்னு வைக்காது"ன்னுச்சு. எனக்குத் தலைகால் புரியல. அதை அவகிட்ட நாலு தடவை சொல்லிச் சொல்லிக் காமிச்சேன்.

அவ என்ன பண்ணுவான்னா, இடது கையால இடுப்புக்கு அடியில தொழாவி அந்தத் துணியை இழுத்துக் கீழ தள்ளிவிடுவா. நான் எடுத்துப் போடுவேன், மறுபடி தள்ளுவா. ஒரு நாளைக்கு இருபது தடவை. கை மட்டுந்தான் அவளுக்கு, அதுவும் பலம் இல்ல. மூச்சு வாங்க வாங்க இழுப்பா. எனக்குக் கோவம் மண்டைக்கு ஏறிரும். "என்னடி வேணும் ஒனக்கு? சாகப் போற வயசுல இடுப்பு ஒடிய தொவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். மகாராணிக்கு இது பத்தலையா?" அப்படிக் கத்துவேன். கேள்வி கேட்டா பதிலுக்கு நிக்கணும்ல? நிக்க மாட்டேன். கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிருவேன். அவ செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிருவா.

இதையும் சொல்லிரணும், மறைச்சா நான் சொல்றதுல பாதி பொய்யாப் போயிரும். ஒரு நாலு நாளு, அந்தக் கையைப் போர்வைக்குள்ள வச்சு, போர்வையோட ஓரத்தை மெத்தைக்கு அடியில இறுக்கிச் சொருகிவிட்டேன். கட்டல. கட்டுறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

அஞ்சாம் நாள், வீட்டுக்கு வந்து பாக்குற நர்சம்மா வந்தாங்க. சின்ன வயசுதான், ஸ்கூட்டியில வருவாங்க. ரெண்டு பேருமா அவளை ஒருக்களிச்சுத் திருப்புனோம். துணி அவ இடுப்போட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. நர்சம்மா தண்ணி தொட்டு மெதுவா எடுத்தாங்க. தண்டுவடம் முடியுற எடத்துல தோலு உரிஞ்சு, எலந்தப்பழம் அளவுக்குச் செவப்பாக் குழி விழுந்திருந்துச்சு. சுத்தி எல்லாம் வெள்ளையா ஊறிப்போயி இருந்துச்சு.

"ஐயா, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க"ன்னாங்க. குடிக்கத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சு, பானைத் தண்ணியாக் கொண்டாந்தேன். அவங்க அடுக்குல இருந்து ஒரு துணியை எடுத்துத் தரையில விரிச்சு அது மேல தண்ணியை ஊத்துனாங்க. தண்ணி நின்னுச்சு. அப்புறம் மடிப்போரமா ஓடி, தரையில வழிஞ்சு என் காலுக்கு வந்துச்சு. அடுப்படியில சட்டி எறக்குற கரித்துணி கெடந்துச்சு, அதை எடுத்தாந்து அது மேல மிச்சத்தை ஊத்துனாங்க. சட்டுன்னு உள்ள போயிருச்சு, ஒரு சொட்டு வெளிய வரல.

"இது குடிக்குது. அது ஏங்கய்யா குடிக்கல? என்ன போட்டுத் தொவைக்கிறீங்க?"

"கஞ்சி"ன்னேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். "ஈரம் துணிக்குள்ள போகலைன்னா ஒடம்புக்குத்தாங்க போகும். அதுல இந்தப் பசை வேற நனைஞ்சு தோலைப் புடிச்சு இழுத்திருக்கு. அவங்களுக்கு எரிஞ்சிருக்கும்ங்கய்யா"ன்னு மெதுவாச் சொன்னாங்க.

என் முதுகுல காக்கிச் சட்டை வேர்வை ஓடுன மாதிரி இருந்துச்சு. எனக்குத் தெரியும். பஸ்ஸுக்குள்ள முப்பது வருசம் தெரியும். அவ சொன்னதும் இதைத்தான். அம்புட்டுத் தடவை தள்ளிவிட்டது அம்புட்டும் பேச்சு. என் வீட்டுக் கரித்துணிக்கு இருந்த அறிவு எனக்கு இல்லாமப் போச்சேன்னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

நர்சம்மா போறப்ப, "இந்தப் புண்ணு ஆறுறது கஷ்டம். வயசு, சர்க்கரை எல்லாம் இருக்கு. உள்ள எறங்காமப் பாத்துக்கிட்டாலே பெரிசு"ன்னுட்டுப் போனாங்க. அன்னைக்கு நான் ஒரே ஒரு விசயம் வேண்டிக்கிட்டேன். அவ எந்திரிச்சு நடக்கணும்னு கேக்கல, பேசணும்னுகூடக் கேக்கல. நான் குடுத்த புண்ணோட இவ போயிரக் கூடாது. அது மூடணும். அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் ஆகட்டும்னு கேட்டேன்.

கொல்லையில அண்டாவை ஏத்தி, சவுக்கு வெறகைச் சொருகி, அம்புட்டுத் துணியையும் கொதிக்க வச்சேன். மொதல் தண்ணி கூழா வந்துச்சு. ஊத்திட்டு மறுபடி. நாலு தண்ணி இல்ல, ஏழு தண்ணி ஆச்சு, கைக்கு மெத்துன்னு வர்றதுக்கு. ஒவ்வொண்ணு மேலயும் சொட்டு விட்டுப் பாத்தேன். சாயங்காலம் காஞ்ச துணியை அள்ளிக்கிட்டு உள்ள வந்து, அவ அடியில ஒண்ணை விரிச்சுட்டு, பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன். புகையும் வெக்கையுமா வேர்த்து ஊத்துது. அழுகையும் வந்துருச்சு. "தெரியாமப் பண்ணிட்டேன் புள்ள"ன்னேன். அதுக்கு மேல வார்த்தை வரல. எனக்கே வார்த்தை வரல, பாத்துக்கங்க.

அவ என்னையப் பாத்தா. அப்புறம் இடது கையை நகட்டி, மடிச்சு வச்ச துணியில ஒண்ணைப் புடிச்சா. திரும்பவும் தள்ளப் போறாளோன்னு நெனச்சேன். தள்ளல. அதைத் தூக்கிக்கிட்டு அந்தக் கை என் பக்கமா வந்துச்சு. என் நெஞ்சுல பட்டுச்சு, மேல ஏறிச்சு, கழுத்துல வந்து நின்னுச்சு. காலருக்குள்ள சொருகப் பாக்குறா. விரலுக்குப் பலம் இல்ல, துணி விழுந்து விழுந்து போகுது. நான் குனிஞ்சு கழுத்தைக் குடுத்தேன். மிச்சத்தை நானே உள்ள தள்ளிக்கிட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு வருசமும் சொச்சமும் இருந்தா. அந்த நாளுங்க மாதிரி அமைதியா நான் இருந்தது இல்ல. ஒரு முறை வச்சுக்கிட்டோம். அவ கையில என் விரலைக் குடுத்துட்டுக் கேப்பேன். ஒரு அழுத்து அழுத்துனா ஆமா, சும்மா விட்டா இல்ல. கேட்டுட்டுக் காத்திருக்கணும், சில நேரம் ரெண்டு நிமிசம் ஆகும். "துணி நனைஞ்சிருச்சா?" அழுத்து. "எரியுதா?" ஒண்ணும் இல்ல. "என் மேல கோவமா?" ஒரு தடவை இப்படியும் கேட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. அப்புறம் அழுத்துனா, நல்லா நகம் பதிய. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவளுக்கும் ஒரு பக்க ஒதடு கோணிச்சு. சிரிப்புன்னுதான் நான் எடுத்துக்கிட்டேன்.

புண்ணு ஆற ஆறப் பாத்துக்கிட்டே இருந்தேன். நர்சம்மா வாரத்துக்கு ரெண்டு தடவை வந்து கழுவிக் கட்டுப் போடுவாங்க. எலந்தப்பழம் சுண்டைக்கா ஆச்சு. ஆறு மாசம் சுண்டைக்காயாவே நின்னுச்சு. அப்புறம் மொளகு அளவு. அந்த மொளகுதான் போகவே மாட்டேன்னுச்சு. ஒரு நாளு காஞ்ச மாதிரி இருக்கும், மறுநா லேசாக் கசியும். ஐப்பசி அடைமழையில துணி எதுவும் காயல. ஒவ்வொண்ணையும் இஸ்திரிப் பெட்டியால காயவச்சு, கன்னத்துல வச்சுப் பாத்துப் போட்டேன். ஈரமா இருந்தா கன்னத்துக்குத்தான் மொதல்ல தெரியும்.

கார்த்திகை மாசம் சளி கட்டி மூச்சுத் திணறிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். உள்ள வச்சுக்கிட்டாங்க, கூட யாரும் இருக்க முடியாது. நான் பத்துத் துணியைப் பையில போட்டுக் குடுத்து, "முதுகுல ஒரு புண்ணு இருக்கு, மொளகு அளவு, இதை அடியில போடுங்க"ன்னு வாசல்ல வந்தவங்க போனவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். நாலு நாளு வராந்தாவுல கெடந்தேன். அந்த நாலு நாளும் எனக்கு அவ மூச்சைப் பத்திக்கூட அவ்வளவு நெனப்பு இல்ல. அந்த மொளகு மேலயே நெனப்பு. நாலாம் நாள் காலையில கூப்பிட்டுச் சொன்னாங்க. பையையும் குடுத்தாங்க. திறந்து பாத்தேன். பத்துத் துணியும் நான் மடிச்ச மடிப்பு கலையாம இருந்துச்சு. அவங்க வச்சிருக்கிற சாமானைப் போட்டுப் பாத்திருப்பாங்க. ஆனாலும் நான் ஒவ்வொண்ணாக் கன்னத்துல வச்சுப் பாத்தேன்.

வீட்டுக்குக் கொண்டாந்தோம். மகன் ப்ளைட்டு ஏறிட்டான்னு சொன்னாங்க. வாசல்ல பந்தல் போட்டு ஆளுங்க கூடிருச்சு. ரெண்டு வருசமாச் சாத்திக் கெடந்த கதவெல்லாம் திறந்துருச்சு. குளிப்பாட்ட நேரம் வந்துச்சு. நாலு பொம்பளைங்க சேலையை மறைப்பாப் புடிச்சுக்கிட்டாங்க. ஆம்பளைக்கு அங்க எடம் இல்ல. முப்பத்தஞ்சு வருசம் கூட வாழ்ந்தவனா இருந்தாலும், ரெண்டு வருசமா மலமூத்திரம் அள்ளுனவனா இருந்தாலும், அந்தச் சேலைக்கு இங்கிட்டுத்தான் நிக்கணும். நான் கொழுந்தியாவைத் தனியாக் கூப்பிட்டு, "முதுகைப் பாரு"ன்னேன். "இப்பப் போயி எதுக்கு மச்சான்?"ன்னுச்சு. "பாருன்னு சொல்றேன்ல!"ன்னு கத்திட்டேன். பந்தல்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

சேலைக்கு அந்தப் பக்கம் தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு. நான் செவுத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். கொழுந்தியா ஈரக் கையோட வெளிய வந்துச்சு. "காஞ்சிருக்கு மச்சான். வெரலால தொட்டுப் பாத்தேன். தோலு மூடி மெத்துன்னு இருக்கு. தழும்புதான்"ன்னுச்சு.

அப்பத்தான் நான் வாய்விட்டு அழுதேன். மாரு மாரா அடிச்சுக்கிட்டு அழுதேன். "இப்பத்தான் மனுசனுக்குச் செத்தது ஒறைச்சிருக்கு, அழுகட்டும் விடுங்க"ன்னு யாரோ சொன்னாங்க.

பொறந்த வீட்டுக் கோடி வந்துச்சு. சம்பந்தக்காரங்க, பங்காளிங்க எல்லாரும் ஆளுக்கொரு கோடி. சாவுக்குக் கொண்டாரது நனைக்காத புதுத் துணியாத்தான் இருக்கணும், அது மொறை. ஒவ்வொண்ணும் மொடமொடன்னு மடிப்பு கலையாம இருந்துச்சு. அடியில விரிக்கவும் ஒரு கோடியை எடுத்தாங்க. நான் எந்திரிச்சுப் போயி, ஆஸ்பத்திரிப் பையில இருந்து ஒரு பழைய துணியை எடுத்து அவ இடுப்புக்கு அடியில சொருகினேன். "இனிமே அது எதுக்குய்யா?"ன்னு ஒரு பெரியவரு கேட்டாரு. "இருந்துட்டுப் போகட்டும்"னேன். யாரும் தடுக்கல.

மகன் பதினாறு முடிஞ்சு கெளம்புறதுக்கு முன்னாடி ரூம்பைச் சுத்தம் பண்ணுனான். கட்டிலை வித்துட்டான். மெத்தை, ரப்பர் சீட்டு, துணி அடுக்கு எல்லாத்தையும் ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போயி எங்கயோ போட்டுட்டு வந்தான். "இதெல்லாம் கண்ணு முன்னாடி இருந்தா ஒங்களுக்குக் கஷ்டம்பா"ன்னான். நல்லதுக்குத்தான் செஞ்சான். அவனைப் பஸ் ஏத்திவிட்டுட்டு வந்து கதவைத் திறந்தேன். பழக்கதோசம். "ஏ புள்ள, அவன் கெளம்பிட்டான்"ன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டே ரூம்புக்குள்ள போனேன்.

என் கொரலு செவுத்துல மோதி எங்கிட்டயே திரும்பி வந்துச்சு. வெறும் ரூம்புல அப்படித்தான் கேக்கும், மெத்தையும் துணியும் இருந்தா சத்தத்தை இழுத்துக்கும்னு அப்புறம் மகன் போன்ல சொன்னான். இருக்கலாம். ஆனா இந்த வீட்டுல கட்டிலும் மெத்தையும் வந்து ரெண்டு வருசந்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடியும் நான் இதே ரூம்புல இப்படித்தான் கத்துனேன். ஒரு தடவைகூட என் சத்தம் எங்கிட்டத் திரும்பி வந்தது இல்ல. டிரைவரு மேல இருந்த கோவம், செக்கரு மேல இருந்த கோவம், மழை மேல இருந்த கோவம் எல்லாத்தையும் கீழ உக்காந்து துணி மடிச்சுக்கிட்டே ஒருத்தி வாங்கிக்கிட்டு இருந்திருக்கா. துணி குடிச்ச ஈரத்தையாவது ராத்திரிக்குள்ள பிழிஞ்சு கொடியில போட்டுருவோம். முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு நாளாவது, நீ சொல்லு புள்ள, நான் கேக்குறேன்னு நான் உக்காந்தது இல்ல.

கடையில வாங்குன துண்டு இப்பக் கொல்லையில வாளியில கெடக்கு. இது நாலாவது தண்ணி. காஞ்சதும் அதுல ஒரு மூலையைக் கிழிச்சு நாலா மடிச்சு காலருக்குள்ள வைக்கணும். நானே வச்சுக்கிட்டா பின்பக்கம் சரியா நிக்க மாட்டேங்குது.